அரைப்புள்ளி

ஆத்தா விழுந்த இரவில் அவரைத் தூக்க எங்கள் தெருவில் ஆள் இல்லை.

போன மார்கழியில் நடந்தது. மணி பத்தரை இருக்கும். குளியலறை வாசலில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்து கிடந்தார். எலும்பு முறியவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவரை எழுப்பி நிறுத்த என் ஒருத்தியால் முடியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் எதிர்வீட்டு மாமியை எழுப்பினார். சத்தம் கேட்டு மூன்றாம் வீட்டு ஆச்சி டார்ச்சோடு வந்தார். நாலு பேரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தோம். ஆச்சிக்கு முழங்கால் மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாமிக்கு முதுகெலும்புத் தேய்மானம். டீச்சருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நான்தான் இளையவள், 54. நாலு பேர் வயதையும் கூட்டினால் 267.

கடைசியில் 108க்குப் போன் செய்தோம். வந்த இரண்டு பையன்கள் ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். "தெருவுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று ஒருவன் கேட்டான். இருந்தார்கள், மூன்று பேர். ஒருவருக்குப் பக்கவாதம். ஒருவருக்கு மூச்சிரைப்பு. மூன்றாமவர் காதுமிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய ஹோம்வொர்க் நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தெருக்கணக்கு எழுதிப் பார்த்தேன். மொத்தம் 16 வீடு. 3 வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி 13 வீட்டில் 22 பேர். அதில் 60 வயதைக் கடந்தவர்கள் 17. அந்த 17 பேரில் பெண்கள் 14. மிச்சம் நானும், ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளும். அவர்கள் அரைப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் குழந்தை என்று ஒன்றுகூட இல்லை.

இதே தெருவுக்கு 1984இல் நாங்கள் குடிவந்தபோது எனக்கு 14 வயது. காரைக்குடியின் பழைய ஊர் வேறு, கல்லூரிச் சாலையைத் தாண்டி விரிந்த இந்தப் பக்கம் வேறு. அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். சிக்ரி என்று ஊரே சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் அது திறந்தது. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் செம்மண் பொட்டலில் மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டினார்கள். அப்பச்சி ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். கோட்டையூரில் எங்கள் ஐயா வீட்டில் எங்கள் பங்குக்கு இரண்டு அறை. அதைப் பூட்டிவிட்டு இங்கே வந்தோம்.

அப்போது தெரு முழுக்கப் பிள்ளைகள். சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒரு சைக்கிள் தெருவில் நேராகப் போக முடியாது. பாண்டிக்குக் கட்டம் போட்டிருப்போம். எல்லா வீட்டிலும் அப்பாவுக்கு நாற்பது, அம்மாவுக்கு முப்பத்தைந்து, பிள்ளைகள் இரண்டு. ஒரே சமயத்தில் மனை வாங்கி, ஒரே சமயத்தில் வீடு கட்டியவர்கள். ஆகவே ஒரே சமயத்தில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள், ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள், ஒரே சமயத்தில் கிழவர்களும் ஆனார்கள். பழைய ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் இன்னொரு வீட்டில் பிள்ளைப்பேறு இருக்கும். மனை போட்டு விற்ற தெருக்களுக்கு அந்தக் கலப்பு கிடையாது. முதலில் ஆண்கள் போனார்கள். மனைவியைவிட ஆறேழு வயது மூத்தவர்கள் என்பதால் அது நடந்தே தீரவேண்டியதாக இருந்தது. பிறகு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில், டல்லாஸில். பொங்கலுக்கு வருவார்கள். பல்லவனில் திரும்பிப் போவார்கள். 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் அதில் சேர்ந்தன. ஊர் பெரிதாகிவிட்டது என்று வெடி வைத்தார்கள். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான டயப்பரைவிடப் பெரியவர்களுக்கான டயப்பர் அதிகம் அடுக்கியிருக்கிறது.

இது எங்கள் தெருவின் கதை மட்டுமல்ல. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. நமக்கு முன்னால் கேரளம் மட்டும்தான். ஆயுள் கூடியது ஒரு காரணம். பெண்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது பெரிய காரணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை.

இந்த எண்ணைக் கண்டதும் ஆண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நம் கர்ப்பப்பைதான். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, தென் மாநிலங்கள் மூப்படைகின்றன, அதிகம் பிள்ளை பெறுங்கள் என்றார். அதே மாதம் நம் முதல்வரும் ஒரு திருமண விழாவில், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டிப் பதினாறு பிள்ளை பெறலாமே என்று நினைக்கத் தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆத்தா சிரித்தார். தம்பி பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர் அவர். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்த காலம். "அன்னைக்குப் பெத்துக்காதீகன்னாக. இன்னைக்குப் பெத்துக்கங்கன்றாக. பெத்ததை யாரு வளக்கிறது, வளத்தவளை யாரு பாக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

எங்கள் சமூகத்துக்கு ஆட்களை எண்ணுவதற்கென்றே ஒரு தனி வழி இருக்கிறது. நகரத்தார்களில் ஒரு தம்பதி என்றால் ஒரு புள்ளி. கல்யாணத்துக்கு நகரக் கோயிலிலிருந்து மாலை வரும். அதோடு கோயில் கணக்கில் புதுப்புள்ளி ஏறும். வரி வசூலிப்பது புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். ஊர்க்காரியம் பேசும்போதும் 'எங்கூர் இத்தனை புள்ளி' என்றுதான் பேச்சு. துணை போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. 2009இல் அப்பச்சி காலமான பிறகு ஆத்தா அரைப்புள்ளி ஆனார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே நான் புள்ளியே கிடையாது. இந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறோம், சமைக்கிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம், கோயிலுக்குப் பணமும் கொடுக்கிறோம். கணக்கில் மொத்தம் அரை.

நான் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நிறுத்தக்குறிப் பாடத்தில் அரைப்புள்ளி வரும்போது, "வாக்கியம் இன்னும் முடியலை, அதுக்குத்தான் இந்தக் குறி" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஆத்தாவை ஏட்டில் அரைப்புள்ளி என்று எழுதியவர்களுக்கு அந்தப் பாடம் மறந்திருக்க வேண்டும்.

பெண்கள் தனியாக இருப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. அப்பத்தா காலத்தில் ஐயா பர்மாவுக்குக் கணக்குக்குப் போனால் வர மூன்று வருடம் ஆகும். 1939இல் போனவர், 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது தப்பி ஊர் வந்து சேர்ந்தார். அவர் போன பிறகு பிறந்த அப்பச்சிக்கு அப்போது இரண்டு வயது. கல்யாணமான மகனை வேறு வைப்பது எங்கள் வழக்கம். ஒரே வளவில் குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. மாமியார் தன் உலையைத் தானே வைத்துக்கொள்வார். அப்பத்தா கடைசிவரை தன் கையால் பொங்கித்தான் சாப்பிட்டார். ஆனால் அந்த வளவில் ஏழெட்டு அடுப்பு எரிந்தது. ஒரு அடுப்பு காலையில் பற்றவில்லை என்றால் அடுத்த அடுப்புக்காரி எட்டிப் பார்ப்பாள். தனி அடுப்பு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எட்டிப் பார்க்கும் தூரத்தில் அடுத்த அடுப்பு இல்லை என்பதுதான் இன்றைய நிலைமை. கோட்டையூர் வீட்டில் இப்போது ஒரு காவல்காரர் மட்டும் இருக்கிறார்.

வயதைக் கொண்டாடுவதிலும் இதே கணக்குதான். ஆணுக்கு அறுபது நிறைந்தால் சாந்தி. எழுபது, எண்பது என்று அவர் வயதுக்கு அவர் வயதுக்கு விழா. அப்பச்சிக்கு 2000இல் சாந்தி செய்தோம். பக்கத்தில் தாலி கட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த ஆத்தாவுக்கு அன்று 57. அவருக்கு 60 ஆன நாள் எங்கள் யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான். 2023இல் அவருக்கு 80 நிறைந்தபோது நான் ஏதாவது செய்யலாம் என்றேன். சொந்தத்தில் ஒருவர், "அப்பச்சி இல்லாம என்னத்தைச் செய்ய?" என்று கேட்டார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. கடைசியில் தெருவில் உள்ள பெண்கள் வந்தார்கள். மூன்றாம் வீட்டு ஆச்சி கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்டுக்கொண்டு வந்தார். மாமி பாடினார். ஆத்தா புதுச்சேலை கட்டிக்கொண்டு, "எனக்கே எனக்குன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

2011இல் நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். ஆசிரியர்களுக்கு அந்த வேலை வரும். வேலைக்குப் போகாதவர் என்றால் அவர் என்ன செய்கிறார் என்று குறிக்கவேண்டும். மாணவர், வீட்டு வேலை, பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியக்காரர் என்று பட்டியல் போகும். ஒரு வீட்டில் 70 வயது ஆச்சி ஒருவர், படுக்கையில் கிடந்த கணவரைப் புரட்டித் துணி மாற்றிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். அவர் மகன் வெளியே வந்து, "அம்மாவை டிபெண்டன்ட்னு போட்டுக்கங்க மேடம்" என்றார். நான் அப்படியே போட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கட்டத்தில் நான் இட்ட எண் என்னை உறுத்துகிறது. அந்த வீட்டில் யார் யாரைச் சார்ந்திருந்தார்கள்? ஒரு மனுஷியின் வயதைக் கேட்டு எழுதத் தெரிந்த எனக்கு, அவர் கையில் இருந்த வேலையை எழுத இடம் இருக்கவில்லை.

2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறொன்றைச் சொன்னது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97. முதியவர்கள் பெருகும் ஊரில் அந்த நிமிடங்கள் ஓய்வு பெறும் வயது வந்தும் ஓய்வதில்லை. நான் 2023இல், 53 வயதில், விருப்ப ஓய்வு வாங்கினேன். 60 வரை பள்ளியில் இருந்திருக்கலாம். பிள்ளை பெறும் அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு உண்டு, அது போராடிப் பெற்ற நல்ல விஷயம். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள எனக்கு அப்படி ஒரு விடுப்பு இருக்கவில்லை. "நீதான ஊர்ல இருக்கே" என்றான் தம்பி. நான் ஊரில் இருந்தேன் என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. வேலையை விட்டது தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு வகுப்பறை பிடிக்கும். ஆத்தாவையும் பிடிக்கும். இரண்டில் ஒன்றை விடச் சொல்லி என்னிடம் மட்டும் ஏன் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

பகலில் ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அவருக்கு 63 வயது. பர்மா காலனியில் இருக்கிறார். பர்மாவில் 1962க்குப் பிறகு ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் மூட்டையோடு கப்பலேறினார்கள். அதில் ஒரு தாயின் இடுப்பில் வந்த கைக்குழந்தை இவர். அவர் அம்மா அங்கே நாற்று நட்டவர். 1930களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் போனபோது கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. எங்கள் வளவின் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கும் யாரிடமும் இதை நாங்கள் சொல்வதில்லை. என் ஐயா வட்டி எழுதிய ஊரில் அவர் அம்மா சேற்றில் நின்றிருக்கிறார். இன்று இரண்டு வீட்டு மகள்களும் ஒரே கிழவியைக் குளிப்பாட்டுகிறோம். ஆனால் அவர் சம்பளத்துக்கு, நான் பென்ஷனோடு.

அந்த அக்காவின் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். பேத்தி இவரிடம் வளர்கிறாள். காலையில் பேத்திக்குத் தலைபின்னி அனுப்பிவிட்டு ஆத்தாவுக்குத் தலைசீவ வருகிறார். விதவைக்கான அரசு உதவித்தொகை வருகிறது. 1,000 ரூபாயாக இருந்தது 2023இல் 1,200 ஆனது. அவருக்கும் முழங்கால் வலி. ஆத்தாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இரண்டு பேரும் ஒன்றாக "முருகா" என்பார்கள். ஒருநாள், "உங்களுக்கு முடியாம போனா யார்க்கா பாப்பாக?" என்று கேட்டுவிட்டேன். "நீங்கதான் சொல்லணும் டீச்சர்" என்றார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு லீவு என்றேன், சம்பளத்தையும் கூட்டினேன். கூட்டியது போதாது என்று எனக்கே தெரியும். முதியவர்களைப் பார்த்துக்கொள்வது வேலை என்று சட்டமும் சமூகமும் ஒப்புக்கொள்ளாதவரை, ஒரு பெண்ணின் முதுமையை இன்னொரு பெண்ணின் முதுமையில் ஏற்றிவைத்துத்தான் நாங்கள் காலம் தள்ளுகிறோம்.

தம்பி போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். கோயம்புத்தூரில் முதியோருக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றின் படங்களைக் காட்டினான். நர்ஸ் இருக்கிறார், மூன்று வேளை சாப்பாடு, நடக்கக் கைப்பிடி. வீட்டை விற்றால் அதற்கான பணம் வரும் என்றான். அவன் கெட்டவனில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறவன், ஆத்தா விழுந்த செய்தி கேட்டு அழுதவன். அந்த இடமும் மோசமில்லை. சில பெண்களுக்கு அது விடுதலையாகக்கூட இருக்கலாம். "நீயும் ஆத்தாவோட அங்க போயிரலாமே" என்றான். நான் பதில் சொல்லுமுன் ஆத்தா கேட்டார், "அங்க கோலம் போட வாசல் இருக்காடா?" அவன் படங்களை மறுபடி தள்ளிப் பார்த்தான். நீளமான தாழ்வாரம் இருந்தது. வரிசையாகக் கதவுகள் இருந்தன.

அப்பச்சி உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி ஆத்தாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் சமபங்கு. என் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. புள்ளிக் கணக்கில் நான் ஒன்றுமில்லை, பத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆத்தாவை இரவில் திருப்பிப் படுக்கவைக்கும் கணக்கில் முழுசாக நான் ஒருத்திதான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். இன்னும் யோசிக்கிறேன். எனக்கு எண்பது ஆகும்போது என்னைத் தூக்க இந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

அதுவரைக்கும் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆத்தா விழுந்த மறுநாள் மாமிதான் சொன்னார். காலை ஏழு மணிக்குள் எந்த வாசலில் கோலம் இல்லையோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது. ஒவ்வொரு வீட்டுச் சாவியும் இன்னொரு வீட்டில் இருக்கிறது. மாடி வீட்டு வாடகைப் பெண்ணையும் அவள் கணவனையும் சேர்த்துக்கொண்டோம். பதிலுக்கு அவள் பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டில் படிக்கிறார்கள். அந்த அக்காவின் பேத்தியும் வருகிறாள். தாத்தாக்கள் மூன்று பேருக்கும் கோலம் போட வராது என்றார்கள். வாசல் தெளித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். ஒருவர் தெளிக்கிறார். இதுவரை இரண்டு முறை கதவைத் தட்டவேண்டி வந்தது. ஒருமுறை டீச்சர் அசந்து தூங்கிவிட்டார். இன்னொருமுறை ஆச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது, நேரத்தோடு பார்த்தோம்.

ஒத்திப்போய்க்கொண்டே இருந்த கணக்கெடுப்பு 2027இல் நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். என்னைப்போல ஒரு டீச்சர் எங்கள் கதவையும் தட்டுவார். குடும்பத் தலைவர் யார் என்று கேட்பார். ஆத்தா பெயரைச் சொல்வேன். என்னை என்னவென்று எழுதுவது என்று கேட்டால், உட்காரவைத்து, சம்பைத் தண்ணீர் ஒரு செம்பு கொடுத்துவிட்டு விவரமாகச் சொல்வேன்.

ஆத்தாவுக்கு இப்போது குனிய முடியாது. ஆனால் வாசலை விட மாட்டார். விடிந்ததும் நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப் போடச் சொல்வார். கோலமாவை விரலிடுக்கில் எடுத்து, இருந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டிய தூரத்தில் புள்ளி வைப்பார். நாலைந்து விழும், கோணலாகத்தான் விழும். "நான் எந்திரிச்சுட்டேன்னு தெரிஞ்சாப் போதும். மிச்சத்தை நீ இழு" என்பார்.